கோடை வகுப்பும் மைசூர் போன தாத்தாவும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். ரிலீஸ், அது முடிஞ்சா இன்னொரு ரிலீஸ். போன வாரம் வீட்டுல நடந்த ஒரு பஞ்சாயத்துதான் மறுபடி எழுத உட்கார வச்சிருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு. டீ, காபி ஏதாவது எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

மேட்டர் இதுதான். தம்பி ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துல மூணாவது வருஷம் இன்ஜினியரிங் படிக்கிறான். ஒரு ராத்திரி போன் பண்ணி, "அக்கா, லீவுக்கு ஊருக்கு வரலை. சம்மர் டேர்ம்ல ரெண்டு சப்ஜெக்ட் எடுத்துக்கிறேன். ஏழாவது செமஸ்டர்ல ஆறு பேப்பர் வருது, கூடவே பிளேஸ்மெண்ட் வருது, தாங்காதுக்கா. ரெண்டை இப்பவே முடிச்சுட்டா அங்கே நாலுதான் இருக்கும்" அப்படின்னான். ஃபீஸ் தனி. ஹாஸ்டலுக்கும் தனி. அம்மாகிட்ட சொன்னா என்ன நடக்கும்னு தெரிஞ்சுதான் எனக்கு முதல்ல போட்டிருக்கான், திருட்டுப் பய.

அம்மா எதிர்பார்த்த மாதிரியே, "லீவு விட்டப்புறம் எவனாவது காலேஜுக்குப் போவானா? பணம் புடுங்குறதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கானுங்க" என்று ஆரம்பிச்சாங்க. திண்ணையில பேப்பர் படிச்சுக்கிட்டிருந்த தாத்தா (அம்மாவோட அப்பா, வயசு எண்பத்து மூணு) தலையைத் தூக்காம, "நான் போனேனே" அப்படின்னார். அவ்வளவுதான், அம்மா உள்ளே போயிட்டாங்க. இந்தக் கோபம் எனக்குப் பழக்கம்தான், ஆனா காரணம் முழுசாத் தெரிஞ்சது அன்னிக்குத்தான். அதுக்குக் கடைசியில வர்றேன்.

எங்க ஊர் ரெட்டிபாளையம். அரியலூர்ல இருந்து ஜெயங்கொண்டம் போற பக்கம். தெரியாதவங்களுக்கு ஒரே அடையாளம், சிமெண்ட் ஃபேக்டரி. சுண்ணாம்புக்கல் சுரங்கம், லாரி, தூசி. வேப்பமரத்து இலைகூட சில நாள் வெள்ளையாத்தான் இருக்கும். ஊர் பேரை வச்சு எங்க காலேஜ்ல என்னை ஓட்டின ஓட்டு கொஞ்சநஞ்சமில்ல. "அரியலூர்க்காரிக்கு அரியர் இல்லாம இருந்தாத்தான் அதிசயம்". அரியர் + ஊர் = அரியலூர். ஹிஹி. நகைச்சுவை அந்த லெவல்.

வெறும் கிண்டலா இருந்தாப் பரவாயில்ல, உண்மையும் அதான். மூணாவது செமஸ்டர்ல ரெண்டு அரியர். ஒண்ணு எம்-3, அதாவது டிரான்ஸ்ஃபார்ம்ஸ். அடுத்த முறை எழுதியும் போச்சு. 2016 மே மாசம் வீட்டுக்கு வந்தேன். அடுத்த செமஸ்டர்ல அந்த செமஸ்டர் பேப்பரெல்லாம், கூடவே இந்த ரெண்டு. கையில இருந்தது ஒரு ஜெராக்ஸ் கொஸ்டின் பேங்க், ஒரு லோக்கல் ஆத்தர் புத்தகம். ரெண்டு மாசம் முழுசா சும்மாத்தான் இருந்தேன். காலேஜ் பூட்டிக்கிடந்தது. கேட்கலாம்னா வாத்தியார் யாருமில்ல. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் பாடம் நடத்துற என்.பி.டி.இ.எல். வீடியோ யூடியூப்ல கிடந்தது உண்மைதான், அந்தத் திட்டம் 2003 லேயே ஆரம்பிச்சாச்சு. ஆனா ஜியோ வந்தது 2016 செப்டம்பர். அதுக்கு நாலு மாசம் முன்னாடி எங்க ஊர் சிக்னல்ல, ஒரு ஜி.பி. டேட்டா கார்டு போட்டு, ஒரு மணி நேர வீடியோ பார்க்குறதெல்லாம் ஜமீன்தார் வேலை. ஃபூரியர் சீரிஸ் சுத்திச் சுத்தி லோடாகிக்கிட்டே இருக்கும், நானும் அது மாதிரியே உட்கார்ந்திருப்பேன்.

அந்த ரெண்டு மாசத்துல யாராவது ஒருத்தர் ஒரு ஆறு வாரம் உட்கார வச்சு அந்த ஒரு பேப்பரை மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தா, என் அடுத்த ஒன்றரை வருஷம் வேற மாதிரி இருந்திருக்கும். அதனாலதான் தம்பி கேட்டதும், இந்தக் கோடை வகுப்புங்கிற சமாச்சாரம் எங்கேருந்து வந்தது, நமக்கு ஏன் கிடைக்கலைன்னு தேட ஆரம்பிச்சேன்.

முதல்ல அமெரிக்கா. ஹார்வர்டுல கோடைப் பள்ளி ஆரம்பிச்சது 1871. ஆரம்பமே தாவரவியல். மாணவர்கள் யாருன்னா பள்ளிக்கூட ஆசிரியர்கள். ஏசா கிரே அப்படின்னு அந்தக் காலத்துல பெரிய தாவரவியல் பேராசிரியர், டார்வினோட கடிதத் தொடர்புல இருந்தவர், அவரோட தோட்டமும் உலர்தாவரச் சேகரிப்பும் அங்கே இருந்துச்சு. ஏன் கோடையில? ரெண்டு காரணம். ஆசிரியர்களுக்கு அப்பதான் லீவு. செடி பூக்குறதும் அப்பதான். குளிர்காலத்துல அந்த ஊர்ல பனிதான் இருக்கும், எதைக் காட்டிப் பாடம் நடத்துறது?

ரெண்டு வருஷம் கழிச்சு, 1873 ல, லூயி அகாசி என்கிற ஹார்வர்டு விலங்கியல் பேராசிரியர் இன்னும் ஒரு படி மேலே போய், பெனிக்கீஸ்னு ஒரு குட்டித் தீவுல கோடைப் பள்ளி நடத்தினார். ஜான் ஆண்டர்சன் என்கிற பணக்காரர் தீவையே தூக்கிக் கொடுத்து, கூட 50,000 டாலரும் கொடுத்தார். சுமார் 50 பேர் வந்தாங்க, அதுல பெண்களும் உண்டு. (1873! கவனிங்க.) புத்தகத்தை மூடிட்டு மீனையும் நண்டையும் பாருங்கன்னு வகுப்பு. அந்த வருஷம் டிசம்பர்லயே அகாசி இறந்துட்டார். அடுத்த கோடையோட பள்ளியும் நின்னு போச்சு. ஆனா அங்கே படிச்ச டேவிட் ஸ்டார் ஜோர்டன் பின்னாடி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோட முதல் தலைவர் ஆனார்.

1874 ல நியூயார்க் மாநிலத்துல ஷட்டாக்வா என்கிற ஏரிக்கரையில ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு கோடை முகாம் ஆரம்பிச்சது. அது வளர்ந்து இலக்கியம், அறிவியல், மொழின்னு போய், 1878 ல வீட்டுலேருந்தே நாலு வருஷம் படிக்கிற வாசிப்புத் திட்டம் ஒண்ணு கொண்டுவந்தாங்க. கோடையில நேர்ல வகுப்பு, மத்த நாள்ல வீட்டுல இருந்தே படிப்பு. இந்த வடிவத்தை ஞாபகம் வச்சுக்குங்க, தாத்தா கதையில திரும்ப வரும்.

ஷட்டாக்வாவுல ஹீப்ரு சொல்லிக் கொடுத்துக்கிட்டிருந்த வில்லியம் ரெய்னி ஹார்ப்பர்தான் பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு முதல் தலைவர். அது 1892 ல திறந்தப்ப வருஷத்தை நாலு காலாண்டாப் பிரிச்சார். கோடையும் ஒரு காலாண்டு. அதுக்கும் மத்த மூணுக்கும் சம அந்தஸ்து. சீக்கிரம் முடிக்கணுமா, நாலுலயும் படி. மெதுவா போகணுமா, ஏதாவது ஒண்ணுல ஓய்வெடு. கட்டடம் சும்மா கிடக்கக்கூடாதுங்கிறது அவர் கணக்கு. நம்ம பாஷையில சொன்னா, சர்வர் வருஷத்துல மூணு மாசம் ஐடிலா இருக்கக்கூடாது. தம்பி சொல்ற "ரெண்டை இப்பவே முடிச்சுடறேன்" என்கிற யோசனைக்கு இந்த மனுஷன்தான் பூட்டன்.

நம்ம ஊர் கதை நேர் எதிர்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857. அதே வருஷம்தான் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையிலிருந்து பிளான்ஃபோர்டு என்கிற வெள்ளைக்காரர் எங்க அரியலூர், பெரம்பலூர் பக்கத்தை அளக்க வந்தார். 1860 வரைக்கும் அளந்தார். இங்கே நிலத்துல கிடைக்கிற சிப்பி, நத்தைக் கல்லெல்லாம் கடல் இருந்த காலத்து மிச்சம், கிரெட்டேசியஸ் காலம்னு உலகத்துக்குச் சொன்ன வேலை அது. சின்ன வயசுல நாங்க பொறுக்கி விளையாடின சிப்பிக்கல்லு மேல அவ்வளவு பெரிய ஆராய்ச்சி இருக்குன்னு காலேஜ் போனப்புறம்தான் தெரியும். சாத்தனூர்ல இருக்கிற கல்மரத்தை எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டுபிடிச்சது 1940 ல. இன்னிக்கும் எங்கெங்கேயோ இருந்து ஜியாலஜி மாணவர்கள் சுத்தியலைத் தூக்கிக்கிட்டு வேன்ல வருவாங்க. ஆனா எப்போ வருவாங்க? மார்கழி, தை மாசம். மே மாசம் ஒருத்தரும் வர மாட்டாங்க. அந்தத் துறைக்கே களப்பணிப் பருவம்னா மழை ஓய்ஞ்ச பிறகு குளிர்காலம்தான். எங்க ஊர் சுண்ணாம்புக்கல் வெள்ளையில மே மாச வெயில் பட்டுத் திரும்பி முகத்துல அடிக்கும் பாருங்க, அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும்.

அதாவது, அங்கே கோடைன்னா வெளியே போய்ப் படிக்கிற காலம். இங்கே கோடைன்னா எல்லாத்தையும் இழுத்து மூடுற காலம். 1870 வாக்குல இருந்து சென்னை மாகாண அரசாங்கமே கோடையில ஊட்டிக்குக் கிளம்பிடும். கோர்ட்டுக்கு லீவு, காலேஜுக்கு லீவு. உயர் நீதிமன்றத்துக்கு மே மாச விடுமுறை இன்னிக்கும் இருக்கே. மலைக்குப் போக முடிஞ்சவன் போட்ட காலண்டர்லதான் மலைக்குப் போக முடியாத நாம இன்னும் வாழ்ந்துக்கிட்டிருக்கோம். மே மாசம் மூடுறது தப்புன்னு சொல்லலை, வெயில் நிஜம்தானே. ஆனா படிப்புக்கு இருக்கிற ஒரு காலியிடம் அதுன்னு ரொம்ப நாள் யாருக்கும் தோணலை.

தோணினது சுதந்திரத்துக்கு அப்புறம். அதுவும் மாணவர்களுக்காக இல்ல, ஆசிரியர்களுக்காக. (1871 ஹார்வர்டு மாதிரியேதான்!) 1963 ல இருந்து பல்கலைக்கழக மானியக் குழுவும் என்.சி.இ.ஆர்.டி.யும் அமெரிக்க உதவியோட "கோடை நிறுவனங்கள்" நடத்த ஆரம்பிச்சாங்க. கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆசிரியர்களைக் கூட்டி வச்சு சில வாரம் புதுப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கிறது. ஸ்புட்னிக் பறந்த பிறகு அமெரிக்காவே அறிவியல் பாடத்தை மாத்தி எழுதிக்கிட்டிருந்த காலம், அந்தக் காத்து இங்கேயும் அடிச்சது. 1964 ல போட்ட கோத்தாரி கமிஷன் 1966 ல அறிக்கை கொடுத்துச்சு. காலேஜ் வருஷத்துக்கு 36 வாரம் நடக்கணும், பள்ளிக்கூடம் 39 வாரம், விடுமுறையைப் படிப்பு, சமூக சேவை, வேலை அனுபவம்னு முழுசாப் பயன்படுத்தணும்னு அதுல இருக்கு. அறிக்கைதானே, இருக்கும்.

ஆனா அதே 1966 ல ஒண்ணு நிஜமாவே நடந்தது. அதுதான் தாத்தா போனது.

பின்னணி இது. காமராஜர் முதல்வரா இருந்த 1954 லேருந்து 1963 வரைக்கும் ஊர் ஊருக்குப் பள்ளிக்கூடம் திறந்தாங்க. பள்ளிக்கூடம் வந்தா வாத்தியார் வேணும். பி.ஏ., பி.எஸ்ஸி. முடிச்சவங்க நேரா வகுப்புக்குள்ள போய் நின்னாங்க. பயிற்சி கிடையாது, பி.டி., பி.எட். கிடையாது. நாடு முழுக்க இதே நிலைமை. அவங்களை ஒரு வருஷம் வேலையை விட்டுட்டு வந்து பயிற்சிக் கல்லூரியில சேருன்னா, பள்ளிக்கூடத்துல பாடம் நடத்த யாரு? அவங்க வீட்டுல அடுப்பு எரியறது எப்படி?

என்.சி.இ.ஆர்.டி. 1963 ல அஜ்மீர், போபால், புவனேஸ்வர், மைசூர்னு நாலு ஊர்ல வட்டாரக் கல்வியியல் கல்லூரி ஆரம்பிச்சிருந்தது. 1966 ல அந்த நாலுலயும் பி.எட்.டுக்கு ஒரு புது வழி வச்சாங்க. "கோடைப் பள்ளியுடன் கூடிய அஞ்சல் வழிப் படிப்பு". ஒரு கோடையில ரெண்டு மாசம் நேர்ல வகுப்பு. நடுவுல பத்து மாசம் தபால்ல பாடம், கூடவே தன் பள்ளிக்கூடத்துல தன் வேலை. அடுத்த கோடையில மறுபடி ரெண்டு மாசம் நேர்ல. மொத்தம் 14 மாசம். டெல்லிப் பல்கலைக்கழகம் 1962 லேயே அஞ்சல் வழிப் படிப்பு ஆரம்பிச்சிருந்தது, ஆனா வாத்தியார் வேலையைத் தபால்ல மட்டும் கத்துக்க முடியாதுங்கிறதால இந்தக் கலவை. ஷட்டாக்வாவை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, அதே வடிவம்.

தென் மாநிலங்களுக்கு மைசூர்.

தாத்தா திருச்சியில பி.ஏ. முடிச்சுட்டு எங்க பக்கத்துல ஒரு உயர்நிலைப் பள்ளியில சேர்ந்தது 1964. பயிற்சி இல்லாத ஆளுங்கிறதால ஏப்ரல் கடைசியோட வேலை முடிஞ்சதா எழுதிடுவாங்களாம், ஜூன்ல திரும்ப எடுப்பாங்களாம். ரெண்டு மாசம் சம்பளம் கிடையாது. "மத்தவனுக்கு லீவு, எனக்கு அது வேலையில்லாத காலம் பாப்பா" அப்படின்னார். அந்த ரெண்டு மாசம் கடலைக்கொல்லையில அவங்க அப்பாவுக்கு உதவி. அப்பதான் யாரோ மைசூரைப் பத்திச் சொல்லியிருக்காங்க. 1967 மே மாசம் கிளம்பிட்டார். அண்ணா முதல்வராகி ரெண்டு மாசம். ஃபீஸுக்கு அம்மாயியோட தோடு அடகுக் கடைக்குப் போச்சு. அரியலூர்ல ரயில் ஏறி திருச்சி, ஈரோடு, பெங்களூர், மைசூர்னு மாறி மாறிப் பயணம்.

மைசூர்ல முதல்ல ஞாபகம் வர்றது என்ன தாத்தான்னு கேட்டேன். ஏதாவது கல்வித் தத்துவம் சொல்வார்னு நினைச்சேன். "குளிருச்சு" அப்படின்னார். மே மாசத்துல போர்வை போர்த்திப் படுத்தது அவருக்கு அதுதான் முதல் தடவையாம்.

வகுப்பு எல்லாம் இங்கிலீஷ்ல. ஆந்திரா, கேரளா, மைசூர், நம்ம மெட்ராஸ் ஸ்டேட் (தமிழ்நாடுன்னு பேர் மாறினது 1969 ஜனவரியில) எல்லா ஊர் வாத்தியார்களும். இருபத்தஞ்சு வயசுக்காரரும் இருப்பார், நாற்பது வயசுல பசங்களை ஊர்ல விட்டுட்டு வந்தவரும் இருப்பார். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் வகுப்பு, ராத்திரி எழுத்து வேலை. ஒரு மாசத்துப் பாடத்தை ஒரு வாரத்துல கொட்டுவாங்களாம். "மண்டைக்குள்ள போச்சா தாத்தா?" "அப்ப போகலை. ஊருக்கு வந்து, தபால்ல பாடம் வரும் பாரு, அதுக்குப் பதில் எழுதுறப்பதான் மைசூர்ல அந்த மனுஷன் எதுக்கு அப்படிச் சொன்னான்னு புரியும். மறுநாள் வகுப்புல புள்ளைங்ககிட்ட அதைச் செஞ்சு பார்ப்பேன். பாதி ஒத்து வரும், பாதி சிரிப்பா சிரிப்பானுங்க." அரிக்கேன் விளக்குல பதில் எழுதி, கவர்ல போட்டு, தபால்காரர் வர்ற நேரத்துக்கு ஓடுவாராம்.

இந்த இடத்துல நான் கொஞ்சம் நின்னுட்டேன். ஏன்னா, இன்னிக்குக் கோடை வகுப்பைப் பத்தி யோசிக்கிறவங்க கோட்டை விடுற இடம் இதுதான். மைசூர் திட்டத்துல சுமையைக் குறைச்சது அந்த ரெண்டு கோடை மட்டும் இல்ல. நடுவுல இருந்த பத்து மாசம். சாப்பிட்டது செரிக்க நேரம் இருந்துச்சு.

இப்ப தம்பி கணக்குக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழு கணக்குப்படி ஒரு கிரெடிட்னா ஒரு செமஸ்டருக்கு 15 மணி நேர வகுப்பு. மூணு கிரெடிட் பாடம்னா 45 மணி நேரம். செமஸ்டர் 15 வாரம்னா வாரத்துக்கு 3 மணி. அதையே 8 வாரத்துல முடிக்கணும்னா வாரத்துக்குக் கிட்டத்தட்ட 5.6 மணி. ரெண்டு பாடம்னா 11 மணிக்கு மேல. இது வகுப்பு மட்டும். அதுக்கப்புறம் அசைன்மெண்ட், லேப், மூணு வாரத்துக்கு ஒரு டெஸ்ட். மொத்த வேலை ஒரு மணிகூடக் குறையலை. இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். நாம ஸ்பிரிண்ட்ல முடியாத டிக்கெட்டை அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளுவோமே, இவன் முந்தின ஸ்பிரிண்டுக்கு இழுக்கிறான். ஆறு பேப்பர் 18 மணி, அது நாலு பேப்பர் 12 மணியா ஆகும். பிளேஸ்மெண்ட் நேரத்துல வாரத்துக்கு 6 மணி மிச்சம். அது சின்ன விஷயம் இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா எந்த ரெண்டு பேப்பரை இழுக்கிறான்? அது முக்கியம். கணக்கு மாதிரி, ஒரு நாள் புரியாம மறுநாள் கனவுல புரியற பாடத்தை எட்டு வாரத்துல அடைச்சா, ஃபூரியர் சீரிஸ் மறுபடி சுத்த ஆரம்பிச்சுடும். மனப்பாடமும் விவரமும் அதிகமா இருக்கிற பாடம்னா தப்பிச்சுடலாம்.

மாணவர்களுக்குக் கோடையைத் திறந்துவிட்டதுல நம்ம நாட்டுல முன்னோடின்னா பிலானியைச் சொல்லணும். 1964 ல பிட்ஸ் உருவானப்ப ஃபோர்டு ஃபவுண்டேஷன் பணமும் எம்.ஐ.டி. ஆலோசனையும் இருந்தது. செமஸ்டர், தொடர் மதிப்பீடு எல்லாம் அங்கே சீக்கிரமே வந்துடுச்சு. 1973 ல "பிராக்டிஸ் ஸ்கூல்"னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. அதோட முதல் பகுதி ரெண்டாவது வருஷம் முடிஞ்ச கோடையில, ரெண்டு மாசம் ஏதாவது ஒரு தொழிற்சாலையில. அதுக்கும் மதிப்பெண் உண்டு. ஆனா அதெல்லாம் சொந்தமாப் பரீட்சை வச்சுக்கிற நிறுவனங்களுக்கு. ஒரே பல்கலைக்கழகத்துக்குக் கீழே நூத்துக்கணக்குல இணைப்புக் கல்லூரி, எல்லாருக்கும் ஒரே நாள்ல ஒரே கேள்வித்தாள்ங்கிற அமைப்புல, ரெட்டிபாளையத்துப் பொண்ணு ஒருத்திக்காகக் கோடையில தனியா ஒரு பேப்பர் நடத்திப் பரீட்சை வைக்க முடியாது. அதனால நமக்குக் கிடைச்சது கோடை வகுப்பு இல்ல, அரியர். திரும்ப எழுதலாம், ஆனா திரும்பச் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்காது. அமெரிக்காக்காரன் ஃபெயிலானா அந்தப் பாடத்தைத் திரும்பப் படிப்பான். நாம அந்தப் பரீட்சையைத் திரும்ப எழுதுவோம். ரெண்டும் ஒண்ணில்லைன்னு எனக்கு 2016 லதான் உறைச்சது.

அரியர்னு சொல்லிட்டு 2020 ஐ விட முடியுமா? கொரோனா சமயம், ஆகஸ்ட் மாசம், ஃபீஸ் கட்டியிருந்தா அரியர் எல்லாம் பாஸ்னு அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவிச்சதும், பசங்க பேனர் வச்சுக் கொண்டாடினதும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஏ.ஐ.சி.டி.இ. எதிர்த்தது, வழக்கு நடந்தது, 2021 ல உயர் நீதிமன்றம் பரீட்சை வைக்காம பாஸ் போட முடியாதுன்னுடுச்சு. நான் 2018 லேயே எல்லாத்தையும் முடிச்சுட்டேன், அதனால வயித்தெரிச்சல் மட்டும்தான். ஆனா அந்தக் கூத்துல யாருமே கேட்காத கேள்வி ஒண்ணு இருந்துச்சு. இத்தனை பேர் ஒரே பேப்பர்ல மாட்டிக்கிட்டு நிக்கிறாங்களே, அவங்களுக்கு அதை மறுபடி யாராவது நடத்தினாங்களா?

2022 டிசம்பர்ல மானியக் குழு வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்புல இது முதல் தடவையா வெளிப்படையா வந்திருக்கு. கோடைப் பருவம்னா 8 வாரம். இன்டர்ன்ஷிப்புக்கு அதைப் பயன்படுத்தலாம். வழக்கமான பாடங்களையும் வேகமா நடத்தலாம், கூடுதலாப் படிக்கிறவங்களும் எடுக்கலாம், பாக்கி வச்சவங்களும் முடிக்கலாம். ஒரு வருஷத்தோட நிறுத்திட்டுப் போறவங்க கோடையில 4 கிரெடிட் தொழிற்பாடம் படிச்சா சான்றிதழ். புதிய கல்விக் கொள்கையோட ஒட்டி வந்தது இது, அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏத்துக்கலை. அந்த அரசியலுக்குள்ள நான் போகலை, பின்னூட்டத்துல நீங்க அடிச்சுக்குங்க. எனக்கு உறுத்துறது வேற. ஃபீஸ் கட்ட முடியறவனுக்குக் கோடை ஒரு கூடுதல் செமஸ்டர். மத்தவனுக்கு? எங்க தெருவுல ரெண்டு பசங்க, அரசு கலைக் கல்லூரி, மே மாசம் ஆனா சுரங்கத்துப் பக்கம் லாரிக்கு லோடு கணக்கு எழுதப் போயிடறாங்க. அடுத்த வருஷ ஃபீஸ், துணிமணி அதுல வருது. இலவசமாவே கோடை வகுப்பு வச்சாலும் அவங்களால வர முடியாது. என் தாத்தாவுக்காவது அடகு வைக்க ஒரு ஜோடித் தோடு இருந்துச்சு.

தோடுன்னதும்தான் அம்மா கோபம். 1968 மே மாசம், ரெண்டாவது கோடை. தாத்தா மைசூர்ல. இங்கே அம்மாயிக்குப் பிரசவ வலி. பெண் குழந்தைன்னு தந்தி போச்சு. தாத்தா கிளம்பி வரலை. நடுவுல வந்தா வருகை குறைஞ்சுடும், பரீட்சைக்கு விட மாட்டாங்க, 14 மாசமும் தோடும் போச்சு. நாற்பது நாள் கழிச்சு எல்லாம் முடிச்சுட்டுத்தான் வந்தார். அந்த வருஷமே பி.டி. உதவியாசிரியர் ஆனார், அதுக்கப்புறம் மே மாசச் சம்பளம் நிக்கலை. அம்மா படிச்சது, மாமா படிச்சது, சுத்தி வளைச்சுப் பார்த்தா நான் சென்னையில உட்கார்ந்து பொட்டி தட்டுறது எல்லாமே அந்தச் சம்பளத்துலேருந்து வந்ததுதான். அம்மாயி கடைசி வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டிக்கிட்டே இருந்தாங்களாம், அம்மா அதைக் கேட்டே வளர்ந்திருக்காங்க.

(சைடுல ஒண்ணு: தாத்தாவோட மைசூர் விண்ணப்பத்துல மாவட்டம் திருச்சிராப்பள்ளி. என் பிறப்புச் சான்றிதழ்ல பெரம்பலூர். 2001 ல அரியலூர் மாவட்டம் ஆச்சு, 2002 ல மறுபடி பெரம்பலூர், 2007 நவம்பர்ல மறுபடி அரியலூர். வீடு மட்டும் அதே இடத்துலதான் இருக்கு. ஆதார் கார்டு எடுத்தப்ப பட்ட பாடு தனிப் பதிவு.)

அன்னிக்கு ராத்திரி தம்பிக்கு வீடியோ கால் போட்டோம். தாத்தா முதல் கேள்வி, "எந்தப் பாடம்டா எடுக்கிறே?" ஒண்ணு கணக்குப் பக்கம், இன்னொண்ணு மேனேஜ்மெண்ட் பேப்பர். "கணக்கை எடுக்காத. அது ஊறணும். இன்னொண்ணை மட்டும் எடு." தம்பி, "ஒண்ணு எடுத்தா அஞ்சு பேப்பர் மிச்சம் இருக்குமே தாத்தா" என்று இழுத்தான். நானும் மேலே போட்ட கணக்கையெல்லாம் சொன்னேன், வாரத்துக்கு 5.6 மணி அது இதுன்னு. அக்கா சொன்னா கேட்காதவன், தாத்தா சொன்னதும் தலையாட்டினான்.

அம்மா சமையல்கட்டுலேருந்தே, "பொறந்த புள்ளைய நாப்பது நாள் கழிச்சுப் பார்த்தவருகிட்ட யோசனை கேக்குறான் பாரு" அப்படின்னாங்க. தாத்தா ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு அம்மாவே வந்து போனை வாங்கி, ஹாஸ்டல்ல லீவு நாள்ல மெஸ் உண்டா, ஃபேன் ஓடுதான்னு கேட்டுட்டு, பாதி ஃபீஸ் நான் போடுறேன், மீதியை அக்காகிட்ட வாங்கிக்கன்னு சொல்லிட்டாங்க. ஒரு பேப்பருக்குப் பதிவு பண்ணிட்டான். வகுப்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பத்து நாள் ஊருக்கு வர்றான்.

டிஸ்கி: கோடை வகுப்புலயோ, அந்தக் காலத்துக் கோடை பி.எட்.லயோ படிச்சவங்க, இல்ல உங்க வீட்டுப் பெரியவங்க படிச்சிருந்தா, பின்னூட்டத்துல சொல்லுங்க. குறிப்பா மைசூர் பேட்ச். தாத்தா தினமும் சாயங்காலம் "யாராவது எழுதினாங்களா பாப்பா"ன்னு கேட்கிறார்.